பூவோட்டைப் பந்தயம் வைத்த ஞாயிற்றுக்கிழமை

கீழ் கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் குத்துச்சண்டை பார்க்கிற கிழவி நான் ஒருத்திதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சில வருஷம் எஸ்டேட்டின் உதவி மேனேஜர் சின்னதுரை பங்களாவில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தேன். அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் வரும். சின்னதுரை தேநீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். நான் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டு கதவோரம் நிற்பேன். ஆரம்பத்தில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொள்வேன். மூக்கில் ரத்தம் வர இப்படி அடித்துக்கொள்கிறார்களே, பெற்றவள் பார்த்தால் என்ன ஆவாள் என்று தோன்றும்.

அப்புறம் ஒருநாள் என் ஆளைப் பார்த்தேன்.

அவன் பேர் என் வாயில் நுழையாது. அதனால் அன்றைக்கும் இன்றைக்கும் அவன் எனக்கு "என்ற ஆளு", என் ஆள்தான். குட்டையான உடம்பு, தடித்த கழுத்து, இடது கைக்காரன். ஓடிப் பிடித்து ஆடுகிற வேலையெல்லாம் அவனிடம் கிடையாது. எதிரில் நிற்பவன் எவ்வளவு நெட்டையாக இருந்தாலும் தாடையைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொரு அடியாக முன்னே வருவான். அடி வாங்கிக்கொண்டுதான் வருவான், ஆனால் வந்துவிடுவான். மேட்டு நிலத்தில் கொழுந்துக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுகிறவளின் நடை அது. எனக்குத் தெரிந்த நடை. அதற்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று. அவன் உலகப் பட்டத்தை ஜெயித்து, அந்தத் தங்கத் தகடு போட்ட பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்ட அன்று, நான் பட்டாணியை அப்படியே வைத்துவிட்டுக் கை தட்டினேன். சின்னதுரை திரும்பிப் பார்த்து, "ஆயா, நீங்களும் பாக்கறீங்களா?" என்று கேட்டு, முக்காலியை இழுத்துப் போட்டார்.

சின்னதுரைக்கு வேறு எஸ்டேட்டுக்கு மாற்றலாகிவிட்டது. நான் விடவில்லை. என் பையன் ஃபாக்டரியில் வேலை பார்க்கிறான். அவன் போனிலிருந்து ஒரு வயரை டி.வி.யில் மாட்டினால் சண்டை வந்துவிடும். என் ஆளுக்கு என்றைக்குச் சண்டை என்று பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பு. மறந்தால் அன்றைக்குச் சோறு என் கையால் கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எங்கள் மாரியம்மன் நோம்பி, கோயில் திருவிழா.

நோம்பியன்று எங்கள் லைன் வீடுகளில் இருக்கிற பெண்கள் பூவோடு எடுப்போம். மண்ணாலான வாயகன்ற ஓட்டில் நெருப்பு வளர்த்து, அடியில் வேப்பிலையை வைத்துக் கையில் ஏந்திக்கொண்டு, கீழே ஆற்றிலிருந்து மேலே கோயில் வரைக்கும் ஏறி வருவது. எல்லாம் ஏற்றம்தான். தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ஜீப் பாதை. யார் அதிக வருஷம் எடுத்தார்களோ அவர்கள் முன்னால், புதுசாக எடுக்கிறவர்கள் கடைசியில் என்பது எங்கள் வழக்கம். முதல் பூவோடு என்றால் சும்மா இல்லை. மேளக்காரர்களுக்கு அடுத்து வருவது அவள். அவள் நடந்தால் ஊர் நடக்கும், அவள் நின்றால் ஊர் நிற்கும். அவள் ஓட்டிலிருந்து எடுத்த நெருப்பில்தான் பொங்கல் அடுப்பு எல்லாம் பற்றும். என் மாமியார் காலமான பிறகு அந்த இடம் எனக்கு வந்தது. எத்தனை வருஷம் என்று எண்ணி வைக்கவில்லை. என் தலைமுடி கறுப்பாக இருந்தபோது ஆரம்பித்தேன்.

போன வருஷம் கொண்டை ஊசித் திருப்பத்தில் என் முட்டி மடங்கிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். ஓடு சாய்ந்து நெருப்பு பாதையில் கொட்டியது. பின்னால் இரண்டாவது பூவோடு எடுத்து வந்த அடுத்த வீட்டுக்காரி சட்டென்று ஒதுங்கிக்கொண்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரியைத் திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டு நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் அன்றிலிருந்து லைனில் முணுமுணுப்பு.

இந்த வருஷம் நோம்பிக்கு நாள் குறிக்கக் கோயில் திடலில் கூடியபோது அது வெளியே வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் பழைய மேஸ்திரி. நான் பறித்த காலத்தில் எங்கள் கொழுந்தை எடை போட்டவர். அவர் குல்லாவைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அம்மணி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்க மேஸ்திரி. கோவம் வந்தா வரட்டும்."

"போன நோம்பியில ஓடு சாஞ்சு போச்சு. பின்னால வந்த புள்ளைங்க சேலையில நெருப்புப் பட்டிருந்தா என்ன ஆயிருக்குமுங்க?"

"படலீங்களே."

"அம்மன் காப்பாத்துனா. வருஷா வருஷம் அவளையே வேலை வாங்க முடியுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. "அப்ப முதல் பூவோடு யாருக்குங்க?" என்று கேட்டேன். கேட்க வேண்டியதே இல்லை. எல்லோர் கண்ணும் அடுத்த வீட்டுக்காரி மேல் போயிற்று.

அவள் எனக்குப் பத்து வயது இளையவள். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. அவள் வீட்டில் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். பறிப்புக்குப் போன காலத்தில் என் நிரைக்கு அடுத்த நிரை அவளுடையது. வாய் நீளம். மனசு கெட்டது இல்லை. இரண்டாவது பூவோட்டை எடுத்து எடுத்து அவளுக்கும் அலுத்துப்போயிருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

"எனக்கென்னங்கக்கா, குடுத்தா எடுக்கறேன்" என்றாள்.

"குடுக்க நான் தயாரா இல்லை புள்ள."

"வயசுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்கக்கா? உங்க குத்துச்சண்டைக்காரனுக்கே வயசாயிருச்சாம். வர்ற ஞாயித்துக்கெழமை ஒரு பொடியன் அவனைக் கவுத்திப்போட்டு பெல்ட்டைப் புடுங்கிக்குவான்னு உங்க பையன்தான் சொல்லுச்சு."

நான் பையனைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"அவனுக்கு வயசாச்சுன்னா என்ன? பெல்ட்டை அவன் விடமாட்டான்" என்றேன்.

"விட்டுட்டா?"

அந்த இடத்தில் நான் நிதானமாக யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். "விட்டுட்டா முதல் பூவோட்டை நீ எடு. ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவன் ஜெயிச்சா இனிமே இந்தப் பேச்சை யாரும் எடுக்கப்படாது" என்றேன்.

"மேஸ்திரி, கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் அவள்.

"அம்மன் முன்னால சொன்னதுங்க. எனக்குக் காது கேக்குது" என்றார் மேஸ்திரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பனிமூட்டம் வாசல் வரைக்கும் வந்து நின்றது. எங்கள் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. ஆயுசில் ஒரு குத்துச்சண்டை பார்க்காதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். கடைசி வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் முதல் பூசையை முடித்துக்கொண்டு ஈரத் தலையோடு நேராக இங்கே வந்துவிட்டது. மருமகள் பெரிய பாத்திரத்தில் தேநீர் போட்டு, வர்க்கியைத் தட்டில் அடுக்கி வைத்தாள். சிக்னல் வருமோ வராதோ என்று பையன் கூரை மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி ஒரே நாற்காலியில். அடுத்த வீட்டுக்காரி தரையில், என் பக்கத்திலேயே, முழங்கால் இடிக்கிற மாதிரி.

என் ஆள் வந்தான். புருவத்துக்கு மேல் பழைய வெட்டுத் தழும்பு. தாடியில் நரை. அறையில் யாரோ "அட, இவரு நம்ம லைன் பெரிசு மாதிரி இருக்காரே" என்றார்கள். பொடியன் வந்தான். பாக்கு மரம் மாதிரி நெட்டை. கைகள் முழங்காலைத் தொடும் போலிருந்தது. துள்ளிக்கொண்டே வந்தான்.

"பையன் அழகாத்தான் இருக்கான்" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

"மாப்பிள்ளையா பாக்கறே?"

பன்னிரண்டு சுற்று. முதல் சுற்றுகளில் அந்தப் பொடியன் கையை நீட்டி நீட்டித் தட்டினான். தட்டிவிட்டு விலகினான். மறுபடி தட்டினான். என் ஆள் எப்போதும் போல் தாடையைத் தாழ்த்தி முன்னேறினான். எனக்குக் கவலை இல்லை. அந்தத் தட்டலெல்லாம் என்ன கணக்கு? நுனி விரலால் கிள்ளிய கொழுந்து. பார்க்கக் கொழுந்து கட்டுகிற படுதா நிறைந்த மாதிரி இருக்கும். எடைத் தட்டில் வைத்தால் ஒன்றும் நிற்காது.

நடுவில் ஒரு சுற்றில் என் ஆள் உள்ளே நுழைந்துவிட்டான். இடது கை விலாவில் இறங்கியது. பொடியன் குனிந்தான். குனிந்த தாடையில் இன்னொன்று. கயிற்றில் போய்ச் சாய்ந்து, என் ஆளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, விழாமல் தப்பினான். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "விடாதே சாமி, விடாதே! வயித்துல போடு!" என்று கத்தினேன். கிறிஸ்தவ வீட்டுப் பாட்டியம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"அக்கோவ், உக்காருங்க. மறைக்குது" என்றாள் இவள்.

"மறைச்சா நல்லதுதான், உன்ற ஆளு அடிவாங்கறதை எதுக்குப் பாக்கறே?"

அந்த ஒரு சுற்றில் அவன் போட்ட சுமை இருக்கிறதே, அது எனக்குப் போதும். அப்புறம் பொடியன் தெளிந்துகொண்டு மறுபடி தட்டிவிட்டு ஓடுகிற வேலையில் இறங்கினான். ஒன்பதாவது சுற்றில் என் ஆள் மறுபடி பிடித்தான். இந்தத் தடவை மணி அடித்துத்தான் பொடியனைக் காப்பாற்றியது. தன் மூலை எது என்று தெரியாமல் அவன் தடுமாறினான். கடைசிச் சுற்றும் என் ஆளுடையதுதான். மணி அடித்தபோது அவன் இரண்டு கையையும் தூக்கினான். நானும் தூக்கினேன்.

"எடுத்துட்டான்" என்றேன். "பூவோடு எனக்குத்தான்."

"இருங்கக்கா. இன்னும் சொல்லல."

சொன்னார்கள். மூன்று நடுவர்கள். மூன்று பேரும் பொடியனுக்கே எழுதியிருந்தார்கள். அவன் முட்டிக்கால் போட்டு அழுதான். பெல்ட்டை அவன் இடுப்பில் கட்டினார்கள். என் ஆள் ஒரு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வீட்டுக்காரிகூடக் கைதட்டவில்லை.

"திருட்டுத்தனம்" என்றேன். "கண்ணு முன்னால களவாணித்தனம். ரெண்டு தடவை அவனைச் சாகடிச்சு எழுப்பியிருக்கறான். இந்தப் பொடியன் பன்னெண்டு சுத்தும் போட்டதை ஒண்ணாச் சேத்து நிறுத்துனாலும் என்ற ஆளு அந்த ஒரு சுத்துல போட்ட எடை வராது. நிறுத்துப் பாக்கச் சொல்லுங்க!"

பையன் மெதுவாகச் சொன்னான். "அம்மா, அது அப்படி இல்லம்மா. ஒரு சுத்து யாரு ஜெயிச்சாலும் அவனுக்குப் பத்து, தோத்தவனுக்கு ஒம்பது. கீழ விழுந்தாத்தான் இன்னும் ஒண்ணு கொறையும். அந்தப் பையன் விழலை."

"கொஞ்சமா ஜெயிச்சாலும் பத்து. கொன்னு போட்டாலும் பத்தா?"

"ஆமா."

"அதென்னடா கணக்கு? காலையில அறுபது கிலோ பறிச்சவளும் அஞ்சு கிலோ பறிச்சவளும் ஒண்ணா?"

மேஸ்திரி நாற்காலியிலிருந்து குறுக்கிட்டார். அவருக்குக் குத்துச்சண்டை தெரியாது. அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தார். "அப்படின்னா இது எடை இல்லீங்க அம்மணி. இது பேரு" என்றார்.

எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்து எடை வேறு, பேர் வேறு. ஒரு நாள் வேலைக்கு வந்தால் மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். நேற்றைக்கு நீ எவ்வளவு குவித்தாய் என்பது இன்றைக்குப் பேர் ஆகாது. இன்றைக்கு வந்தாயா, வேலையை முடித்தாயா, அவ்வளவுதான். ஒரே நாளில் மலையைப் புரட்டிவிட்டு மற்ற நாளெல்லாம் வராமல் இருந்தவளுக்கு ஒரு பேர். தினமும் வந்து கொஞ்சமாகப் பறித்தவளுக்கு மாதம் பூராவும் பேர். நான் அத்தனை வருஷம் குத்துச்சண்டை பார்த்ததெல்லாம் எடைத் தராசோடு. அவர்களோ பேர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொடியன் தினமும் வேலைக்கு வந்தவன். என் ஆள் மூன்று நாள் வந்து மலையைப் புரட்டியவன்.

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். "அப்பச் சரி" என்றேன். "தோத்துட்டான்."

பையன் வயரைக் கழற்றினான். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வர்க்கி பாதிக்குமேல் மிச்சம்.

சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தில் அவரைப் பொரியலோடு வந்தாள். கதவில் சாய்ந்துகொண்டு, உள்ளே வராமல் பேசினாள்.

"அக்கா, அது சும்மா வெளையாட்டுக்குப் பேசுனதுங்க. முதல் பூவோட்டை நீங்களே எடுங்க. நான் மேஸ்திரிகிட்டச் சொல்லிப்போடறேன்."

எனக்கு வந்த கோபம் திடலில்கூட வரவில்லை. "அந்தப் பொடியன் என்ற ஆளுகிட்டப் போயி, பாவம் வயசானவரு, பெல்ட்டை நீங்களே வெச்சுக்கங்கன்னு குடுத்தா அவன் வாங்குவானா?"

"ஐயோ, இதுக்கும் அதுக்கும் என்னங்கக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான். நீ எடுத்தே ஆகணும். எடுக்கலைன்னா என்ற பேச்சுக்கு மரியாதை இல்லாமப் பண்ணறே."

"சரிங்க, சரிங்க. கத்தாதீங்க. எடுக்கறேன்." திரும்பி இரண்டு அடி போனவள் நின்றாள். "அப்ப நீங்க இந்த வருஷம் கும்பிட மட்டும் வருவீங்களா?"

"நான் பந்தயம் வெச்சது முதல் இடத்தை. பூவோட்டை இல்லை. ஓடு எடுக்கமாட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

இதைக் கேட்டு என் பையன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். முட்டி, டாக்டர், கோத்தகிரி ஆஸ்பத்திரி, அவன் மானம், என் வயசு என்று வரிசையாகச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டேன். பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"கடைசியில நிக்கறேன்" என்றேன். "புதுசா எடுக்கற புள்ளைங்களுக்கும் பின்னால. எனக்குப் பின்னால ஒருத்தரும் வரக்கூடாது. நெருப்புக் கொட்டுனா என்ற காலுதான். மத்தவங்க சேலைக்குப் பயமில்லை. மேஸ்திரி சொன்னது நெசம்தானே? அதுக்குப் பதில் இது."

"ஊரு சிரிக்கும்மா. முதல்ல வந்தவங்க கடைசியில நின்னா."

"சிரிக்கட்டும். சிரிச்சா முட்டி வலிக்கப் போறதில்லை."

மேஸ்திரி ஒப்புக்கொண்டார். கடைசியில் நிற்கக் கூடாது என்று வழக்கத்தில் எங்கும் இல்லை, யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான் என்றார்.

மறுநாளிலிருந்து நான் நடந்தேன். காலையில் பனி கலைந்ததும், முட்டியில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கி மேலே ஏறுவேன். முதல் சில நாள் வெறுங்கை. அப்புறம் பழைய ஓட்டில் மண் போட்டுக்கொண்டு. முதல் நாள் கொண்டை ஊசித் திருப்பம் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பறிப்புக்குப் போகிற பெண்கள் பார்த்துவிட்டு, "ஏனுங்க ஆயா, பெல்ட் எப்பத் தருவாங்க?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். "உன்ற மாமியாரைக் கேளு" என்றேன். ஒருநாள் பாதையில் காட்டெருமை நின்றது. அது நகருகிற வரைக்கும் நானும் நின்றேன். அதற்கு என்ன அவசரம், எனக்கு என்ன அவசரம்.

அந்த ஏற்றத்தை நான் ஒரே சுமையாக நினைத்துக்கொண்டிருந்த வரைக்கும் என்னால் ஏற முடியவில்லை. அப்புறம் மேஸ்திரி சொன்ன கணக்குப்படி ஏறிப் பார்த்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பேர். இந்தத் திருப்பத்தை முடி, அதோடு அது தீர்ந்தது, அடுத்ததற்கு முந்தினதன் வலியைத் தூக்கிக்கொண்டு போகாதே. நான் பழக்கத்தில் வேகக்காரி, முன்னால் பாய்ந்துவிட்டு அப்புறம் மூச்சு வாங்குகிறவள். இந்த வயசில் அதை மாற்றுவது முட்டியைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நோம்பிக்கு முந்தின வாரம் நிற்காமல் மேலே வந்து சேர்ந்தேன். யாரும் பார்க்கவில்லை. கோயில் பூட்டியிருந்தது.

நோம்பியன்று வெயில் நன்றாக அடித்தது. ஆற்றில் குளித்து, ஈரச் சேலையோடு வரிசையில் நின்றோம். மேளம் முழங்கியது. முதல் பூவோட்டை மேஸ்திரி அடுத்த வீட்டுக்காரி கையில் கொடுத்ததை நான் வரிசையின் கடைசியில் நின்று பார்த்தேன். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். என் கையில் ஓடு வர வெகு நேரம் ஆயிற்று.

வரிசையின் கடைசி எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முன்னால் போகிறவளுக்குக் காற்றும் வெளிச்சமும். கடைசியில் வருகிறவளுக்கு எல்லோருடைய புகையும். மேளம் எங்கேயோ வளைவுக்கு அப்பால் கேட்கும். முன்னால் ஒருத்தி நின்றால் அது என்னிடம் வந்து சேர்வதற்குள் எதற்காக நின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு முன்னால் போனது முதல் தடவை எடுக்கிற ஒரு கல்யாணமான பெண், தேவர்சோலையிலிருந்து எங்கள் லைனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். கொண்டை ஊசித் திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள். கை சுடுகிறது என்று அழுதாள்.

என் முட்டி அதற்குள் நடுங்க ஆரம்பித்திருந்தது. நடக்கிற வரைக்கும் அது தாங்கும், நின்றால் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். பையன் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தான். ஓட்டை வாங்கக் கையை நீட்டினான்.

"கையை எடு" என்றேன். அவளைப் பார்த்து, "நட புள்ள!" என்று கத்தினேன்.

"முடியலீங்க ஆயா, சுடுதுங்க."

"எனக்கு மட்டும் என்ன ஐஸா? நீ அழறதுன்னா அழுதுக்கிட்டே நட. நீ நின்னா நானும் நிக்கோணும், நான் நின்னா மறுபடி கெளம்பமாட்டேன். நட, இல்லைன்னா ஓரமாப் போ, நான் தாண்டிப் போறேன்!"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அம்மனைவிட என்னிடம் அதிகம் பயந்திருக்க வேண்டும். விறுவிறுவென்று நடந்தாள். நானும் நடந்தேன். போன வருஷம் நெருப்புக் கொட்டிய இடம் காலடியில் போயிற்று. முட்டிக்குள் யாரோ ஊசி வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தது அவள் குதிகால் மட்டும். அது எங்கே வைத்ததோ அங்கே நானும் வைத்தேன்.

கோயிலில் எல்லோரும் ஓட்டை இறக்கி வைத்து முடிந்த பிறகு நான் போய்ச் சேர்ந்தேன். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் அவசரமாகத் தவிலை மாட்டிக்கொண்டு ஒற்றை ஆளாகத் தட்டினார். கரி ஒன்றுகூடச் சிந்தாமல் இறக்கி வைத்தேன்.

அடுத்த வீட்டுக்காரி பந்தலடியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, முன்னால போறது ரொம்பக் கஷ்டமுங்க. எங்க நிக்கறது, எப்பக் கெளம்பறதுன்னு எல்லாம் என்ற தலையிலே. உங்களை ஒரு தடவை திரும்பிப் பாக்கலாம்னா, நீங்க எங்கயோ கடைசியில."

"நல்லாத்தான் கொண்டாந்தே" என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் கொண்டு வந்திருந்தாள். பிறகு மேஸ்திரியிடம் போனேன். நன்கொடை கொடுத்தவர்கள் பேரை மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். "அதை இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். என் குரல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

"குத்துச்சண்டையில தோத்தவன் மறுபடி சண்டைக்குக் கூப்பிடலாமுங்க. அது அவங்க சட்டம். நான் தோத்தேன், ஒத்துக்கிட்டேன், கடைசியில நின்னேன். இப்ப எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்றேன். அடுத்த நோம்பிக்கு முதல் பூவோட்டை நான் கேக்கறேன். யாரும் பாவம் பாத்துக் குடுக்க வேண்டாம். நோம்பிக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழமை அவளும் நானும் ஆளுக்கொரு ஓட்டுல மண்ணு போட்டு ஆத்துல இருந்து ஏறி வர்றோம். ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒருத்தர் நின்னு பாக்கட்டும். யாரு நிக்காம வர்றாங்களோ அவங்களுக்கு அந்தத் திருப்பம். கடைசியில எண்ணிக்குவோம்."

திடல் முழுக்க விசில். மேஸ்திரி தாடையைத் தடவினார். "வழக்கத்துல இது எங்கயும் இல்லீங்களே அம்மணி."

"யாரும் கேக்கலை, அதான் இல்லை."

அடுத்த வீட்டுக்காரி எழுந்து வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "மறுபடி தோத்துட்டா அழப்படாதுங்கக்கா. நான் விட்டுத் தரமாட்டேன், சொல்லிப்போட்டேன்."

"விட்டுத் தந்தீன்னா நான் வாங்கமாட்டேன்."

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அவரைப் பொரியல் கொண்டு வந்த அன்று இருந்த பரிதாபம் அதில் துளியும் இல்லை. முறைத்தாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பையன் ஃபாக்டரி ஜீப்பைக் கேட்டு வாங்கிக் கோயில் வாசலில் நிறுத்தியிருந்தான். ஏறச் சொன்னான். இறக்கத்துக்கும் முட்டியைப் பழக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் நடந்தே இறங்கினேன்.